ஒன்றரை ஷிப்ட்

ஆறு வீட்டுக்கு ஒரு பொடக்காலி.
அஞ்சரைக்கே போய்விடுவேன்,
யாரும் கேட்பதற்கு முன்னால்.
லைட்டைப் போட்டதும்
டம்ளருக்குள் நிற்கிற பிரஷ் என்னைப் பார்க்கும்.
நானும் பார்ப்பேன்.
வாயே திறந்திருக்க மாட்டேன்,
அதற்குள் அடிநாக்கு
தலையைத் தூக்கிவிடும்
கல்லைக் கண்ட ஓணான் மாதிரி.

முன்பல் வரைக்கும் மரியாதையாய்ப் போகும்.
கடைவாய்க்குத் திரும்பினால் போச்சு.
வயிற்றின் அடியிலிருந்து ஓர் ஓங்கரிப்பு,
கண்ணில் நீர், மூக்கில் நீர்,
ராத்திரி தின்ற ரெண்டு இட்லி.
சுவருக்கு அந்தப்பக்கம்
வேலாத்தாள் வீட்டுக் குக்கர் விசிலடிக்கும்.
அவளுக்கு மூன்று, எனக்கு நாலு.
"ஏனுங் கண்ணு, இன்னுமா நிக்கல?
மூணு மாசம் போனாச் சரியாப் போயிருமுங்."
மூணு போயிற்று.
நாலாம் மாதத்துக்கு
யாரும் அந்தச் சேதியைச் சொல்லவில்லை.

மயில்சாமி பேஸ்ட் வாங்கி வந்தான்.
கிராம்பு, உப்பு, அப்புறம் ஏதோ மூலிகை.
அலமாரியில் கடை வைக்கலாம்.
வேப்பங்குச்சியும் ஒடித்து வந்தான்,
அதன் கசப்பு தனியாக ஒரு ஓங்கரிப்பு.
கடைசியில் அவன் வாயின் புதினா வாடையே
ஆகாமல் போனது எனக்கு.
இப்போதெல்லாம் அவன்
தெருமுனைக் குழாய்க்குப் போய்ப் பல் விளக்குகிறான்,
தோளில் துண்டோடு,
வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவன் போல.
காம்பாக்டிங் வேலைக்குக் கிளம்பும்போது
வாசலில் நின்றே
"வர்றனுங் அம்மிணி" என்கிறான்.
பாவம்தான்.
ஆனாலும் கிட்டே வரவேண்டாம்.

நுரையில் ஒருநாள் சிவப்பு இருந்தது.
பயந்துபோய் நர்சம்மாவிடம் காட்டினேன்.
ஈறு வீங்குவது இந்த நேரத்தில் சகஜம்,
விளக்காமல் விட்டால்தான் மோசம் என்றார்.
"வாந்தி எடுத்த கையோட தேய்க்காதீங்க.
வயித்துப் புளிப்புல பல்லு இளகியிருக்கும்.
ஆப்ப சோடா ஒரு சிட்டிகை தண்ணில கலந்து
கொப்புளிச்சிட்டு
அரைமணி பொறுங்க."

அரைமணி.
கம்பெனி வேன் ஏழு ஐம்பதுக்கு.
அதற்குள் சோறு, குழம்பு, டிபன் பாக்ஸ், தலை வாரல்.
எந்த டப்பாவில் இருக்கிறது
எனக்கான அரைமணி?

அப்புறம்தான் தோன்றியது.
செக்கிங் டேபிளில்
நாளைக்கு அறுநூறு பனியன் பார்க்கிறவள் நான்.
அறுநூற்றையும் ஒரே மூச்சிலா பார்க்கிறேன்?
கட்டுக் கட்டாய்த்தானே.

பிரஷ்ஷை மாற்றப் போனேன்.
கொங்கு மெயின் ரோட்டுக் கடையில்
யானை போட்ட குட்டி பிரஷ்,
என் சுண்டுவிரல் நுனியளவு தலை.
"குழந்தைக்கு எத்தனை வயசுங்?" என்றார் கடைக்காரர்.
"பொறக்க இன்னும் அஞ்சு மாசம் இருக்குதுங்."
அவர் சிரிக்கவில்லை.
யோசித்துவிட்டு
மூடி ஒன்றை இலவசமாகக் கொடுத்தார்.

காலையில் முன்பல் மட்டும்.
பேஸ்ட் இல்லை, வெறும் தண்ணீர்.
தலையைக் குனிந்து,
மூக்கால் மூச்சுவிட்டு,
உம் உம் என்று முனகிக்கொண்டே.
முனகும்போது தொண்டை
வேறு வேலையில் இருக்கிறது, ஏமாந்துவிடுகிறது.

பதினொரு மணி டீ நேரம் பத்து நிமிடம்.
இடதுபக்கக் கடைவாய்,
கம்பெனிக் குழாயடியில்.
முதல்நாள் ஓங்கரிப்பு வந்துவிட்டது.
பக்கத்தில் கைகழுவிக்கொண்டிருந்த ரூனு,
ஒடிசாக்காரி, ஓவர்லாக் மிஷின்,
"சாப்ட்டியா" தவிரத் தமிழ் தெரியாது.
என்னைப் பார்க்கவே இல்லை.
குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள்,
என் சத்தம் யாருக்கும் கேட்காதபடி.
லைன் சூப்பர்வைசர் வந்து
தண்ணீரை வீணாக்குவதாய் அவளைத்தான் திட்டினார்.
மறுநாளும் திறந்துவிட்டாள்.

ராத்திரி வலதுபக்கம்.
ஒன்றரை ஷிப்ட் முடிந்து வந்து
என் பல்லுக்கும் அரை ஷிப்ட்.
மயில்சாமி கதவுக்கு வெளியே நின்று
எண்ணுகிறான், வாய்விட்டு,
கட்டு எண்ணுகிறவன் மாதிரி.
இன்றைக்குப் பதினேழு வரை வந்தான்.
இருபத்தொன்பது பல் பாஸ்.

கடைசி மூன்று ஆல்டர்.
நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.
யானையைக் கழுவி
மூடி போட்டு நிறுத்தினேன்.