கோழியூர்க்காரர்

ஷட்டவுன் பதினேழாம் நாள்.
ஜுபைல் கேம்ப் மெஸ்ஸில்
டிவிக்குக் கீழே ஐந்து நாட்டு ஆட்கள்,
ஒரே பருப்பு, ஒரே குப்பூஸ்.

ஏதோ அமெரிக்க சீரியல்.
சக்கரம் வைத்த வீடு, புல் முளைத்த கார்.
முன்பல் இல்லாத ஒருத்தன்
வெறுங்காலை ஆட்டிக்கொண்டு
தன் கல்யாணத்தைப் பற்றிச் சொல்கிறான்.
பெண், தாய்மாமன் மகளாம்.
பெட்டிக்குள்ளிருந்து நூறு பேர் சிரித்தார்கள்.

எங்கள் மேசையில் யாருக்கும் புரியவில்லை.
மாமன் மகளைக் கட்டியதில் என்ன சிரிப்பு?
'சீர் கொறைஞ்சு போச்சோ?' என்றான் பிச்சைக்கண்ணு.

லாய்டு டக்கெட் மட்டும்
தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனார்.
வெல்டிங் இன்ஸ்பெக்டர்.
அவர்கள் மெஸ் ஒன்பதுக்கே பூட்டிவிடும் என்பதால்
நைட் ஷிஃப்டில் எங்களோடு வந்து
பச்சை மிளகாயைக் கடித்தபடி லபன் குடிப்பவர்.

எனக்குத் தெரிந்த வெள்ளைக்காரர்கள்
ஹெலிகாப்டரிலிருந்து குதித்து உலகைக் காப்பார்கள்.
அது இல்லாத நாளில் புல் வெட்டுவார்கள்,
வேலிக்கு அந்தப் பக்கம் கையசைப்பார்கள்.
காரம் பட்டால் செத்துவிடுவார்கள்.
இவரை எங்கே வைப்பது என்று தெரியாமல்
ஒரு வருடமாக
'சார்' என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன்.

இரவு இரண்டு மணிக்கு
ரிப்போர்ட்டில் கையெழுத்து வாங்க ஏணி ஏறினேன்.
நாற்பது மீட்டர்.
கீழே கடல், பக்கத்தில் ஃப்ளேரின் நெருப்பு.
கேட்காமலே சொன்னார்:
'அந்த ஆள் நாங்கள்தான்.
கென்டக்கி மலை. அப்பாவுக்குச் சுரங்கம்.
எங்களைப் பற்றி எழுத உட்காருகிறவன்
முதலில் பல்லைப் பிடுங்குவான்,
அப்புறம் செருப்பை.'

கென்டக்கி என்றால் எனக்குக் கோழி.
வாய் தவறி அதையே சொல்லிவிட்டேன்.
'எல்லோருக்கும்தான்' என்றார்.
சமாதானமாக இருக்கட்டும் என்று
என் ஊர் உறையூர்,
அதற்குப் பழைய பெயரே கோழி என்றேன்.
ஒரு கோழி யானையை விரட்டிய கதையை
என் இங்கிலீஷில் பாதிதான் கொண்டுவர முடிந்தது.
அவர் நம்பவில்லை.

பிறகு சொன்னேன்,
நானும் அத்தை மகளைத்தான் கட்டியிருக்கிறேன்.

முதலில் என் வாயைப் பார்த்தார்.
பல் எல்லாம் இருந்தது.
பிறகு காலைப் பார்த்தார்.
இரும்பு முனை வைத்த சேஃப்டி ஷூ.
அப்புறம் அவர் சிரித்த சிரிப்பில்
கீழ்த்தட்டில் நின்ற நேபாளிப் பையன்
சாரம் ஆடுவதாக விசில் ஊதிவிட்டான்.

எங்கள் படங்களில் உங்களுக்கும் ஒரு வேஷம் உண்டு,
குதிரை, தொப்பி, சாட்டை,
கொச்சைத் தமிழில் 'ஏய் மேன்' என்று சொல்ல வந்தேன்.
சொல்லவில்லை.

அவர் வருத்தம் நிஜம்.
டைம்ஷீட் அடிப்பவன் நான் என்பதால்
இன்னொரு நிஜமும் தெரியும்.
அதே வெல்டை அதே டார்ச்சில் பார்க்கும்
வேலாயுதத்துக்கு ஒன்று என்றால் அவருக்கு ஒன்பது.
சிரியாக்காரன் நிஸார் அவரைவிட வெளுப்பு,
சம்பளத் தாளில் மட்டும் அவன் வெள்ளை இல்லை.
வெள்ளை என்பது இங்கே பாஸ்போர்ட்டின் நிறம்.
அந்தப் பாஸ்போர்ட்டோ நீலம்.
என்னுடையதும் நீலம்தான்,
வேறு நீலம்.

இதை நாற்பது மீட்டர் உயரத்தில் பேச முடியாது.
கையெழுத்தை வாங்கிக்கொண்டேன்.
'உங்கள் ஊரில் அதற்கு என்ன பெயர்?' என்றார்.
முறை என்றேன்.
ற வரவில்லை. நாலு தடவை சொல்லிப் பார்த்தார்.

விடிந்து ஷிஃப்ட் முடிந்ததும்
அவருக்கு ஏசி பிக்கப்,
எங்களுக்குப் பதினோராம் நம்பர் பஸ்.
புழுதியில் வரிசையாக நின்றோம்.
பிக்கப் மெதுவாகி, கண்ணாடி இறங்கியது.
'மொரை!' என்று கத்திவிட்டுப் போனார்.

யாருடா அது, உன்னை முறை சொல்லிக் கூப்பிடுறது
என்றான் பிச்சைக்கண்ணு.
நம்ம பக்கத்து ஆள்தான், என்றேன்.
கோழியூர்.