உழக்கூடிய

ஒட்டுசுட்டான் பிரதேச செயலகத்தில்
கரண்ட் நின்றுபோன பின்னேரம்.
மொழிபெயர்க்க வந்த கையளிப்புப் பத்திரம்,
மூன்றாம் பந்தி, நாலாம் வரி:
இருபத்தொரு ஏக்கர் காணி,
அதற்கு முன்னால் ஒற்றை அடைமொழி,
அரபிள்.

அகராதியில் சின்ன எழுத்தில் அதன் பூர்வீகம்.
லத்தீனில் ‘அராரே’, உழுதல்.
கிரேக்கத்திலும் கிட்டத்தட்ட அதே ஓசை.
லித்துவேனியாவில் எவனோ ஒருவன்
குளிரில் குதிரையை அதட்டியபடி
‘ஆர்த்தி’ என்கிறான்.
எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு வேர்,
அதன் தலையில் நட்சத்திரக் குறி:
எவரும் எழுதிவைத்ததில்லை, ஊகம்.
பழைய இங்கிலீசில் உழுவதற்கு
‘இயர்’ என்றே ஒரு வினை இருந்திருக்கிறது.
காதுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இயர்.
ஏர்.
கதிரையை விட்டு எழும்பிவிட்டேன்.

பக்கத்து மேசைக் குலவீரசிங்கம் சொன்னார்:
“பாத்தீரே, எல்லாம் எங்களிட்ட இருந்து போனதுதான்.
பேப்பருக்கு எழுதிப் போடும்.”

ஆசைதான்.
ஆனால் பேர் ஒன்றாயிருக்கிறது என்று
வேறு வேறு உறுதியுள்ள இரண்டு காணியை
ஒரே துண்டாக்கிக் கையெழுத்து வைக்க
இந்தக் கந்தோரில் ஒருவரும் துணியமாட்டோம்,
குலவீரசிங்கமும்தான்.
ஓசை எல்லைக்கல் ஆகாது.

வேரை விட்டு வாலைப் பிடித்தேன்.
சொல்லின் கடைசித் துண்டு:
முடியும், தகும், கூடும்.
‘உழக்கூடிய’ என்று எழுதினேன்.
பேனை அங்கேயே நின்றது.

பதினாலு வருசமாக அந்தக் காணியின் வாசலில்
மண்டையோட்டுக்குக் கீழே
சிவப்புப் பலகை சொல்லிக்கொண்டு நின்றதும்
இதே வினையைத்தான்:
உட்செல்லக் கூடாது.

ஒப்பம் வைக்க யோகமலர் வந்தாள்.
கண்ணிவெடி அகற்றும் பிரிவு.
இரண்டு முழங்காலிலும் செம்மண் வட்டம்,
தோய்த்தாலும் போகாத வட்டம்.
கையளவு வாரியால் அந்த இருபத்தொரு ஏக்கரையும்
இழுத்து இழுத்துப் பார்த்தவர்களில் ஒருத்தி.

“அரபிள் எண்டால் என்ன அண்ணை?”

அராரே, ஆர்த்தி, இயர்
எல்லாம் வாய்வரைக்கும் வந்தன.
“உழலாம்” என்றேன்.

குனிந்து வாசித்தாள். பேனையை வாங்கவில்லை.
“பதினைஞ்சு சென்ரிமீற்றருக்கு உழலாம்.
அதுக்குக் கீழ நாங்கள் பாக்கேல்லை.
உழவு மெசின்காரன் ஆழமா இறக்கிப்போடுவான்,
அதையும் எழுதுங்கோ.”

பத்திரத்தில் அடிக்குறிப்புக்கு இடமில்லை.
விளிம்பில் நுணுக்கி எழுதினேன்.
பிறகு ‘உழக்கூடிய’ என்பதன் தலையில்
ஒரு நட்சத்திரம் போட்டேன்.

அவள் ஒப்பம் வைத்தாள்.