இருபத்துநாலு தசம் ஆறு

நாடியை இதில் வையுங்க மகள்.
நெற்றியை ஒட்டுங்க.
சிவப்புப் பொட்டை மட்டும் பாருங்க. இமைக்க வேண்டாம்.
சரி, இப்ப இமையுங்க.

வெளிச்சம் கண்ணுக்குள் போய்
பின்சுவரைத் தொட்டுத் திரும்புகிறது.
இருபத்துநாலு தசம் ஆறு மில்லிமீட்டர்.
ஐந்து ரூபாய்க் குற்றியை விடக் கொஞ்சம் கூட.

பெயர் ஸுமையா, வயது ஒன்பது,
மாளிகாவத்தைத் தொடர்மாடி, மூன்றாம் தட்டு.
ஜன்னலுக்கு நேரே தாமரைக் கோபுரம்.
"எல்லாரும் பூவெண்டு சொல்ற.
எனக்கு ஊதா மை கொட்டுண்ட மாதிரி ஈக்கி."

கூடப் பிறந்த இரட்டை, ஸஜீத்.
அதே கதிரை, அதே பொட்டு.
இருபத்துநாலு தசம் ஆறு.

துண்டுகள் இரண்டையும்
வாப்பா சேர்த்துப் பிடித்துப் பார்க்கிறார்.
ஓட்டோ ஓட்டுகிறவர். மீற்றரை நம்புகிறவர்.
"ஒரே நீளந்தானே மிஸ்?
இவன் நூற்றி முப்பத்தெட்டு பஸ்ஸ சந்திக்கு அங்கால காணுறான்.
இவள் ஏறின பிறகும் நம்பர் கேக்கிறாள்."

துண்டின் மற்ற எண்ணைக் காட்டினேன்.
கருவிழியின் வளைவு.
அவனுக்கு எட்டு தசம் இரண்டு, தட்டையான முகப்பு;
வெளிச்சம் ஆறுதலாக மடிந்து
போகவேண்டிய இடத்தில் போய் இறங்கும்.
இவளுக்கு ஏழு தசம் ஆறு. வளைவு கூட.
திரைக்கு முன்னமே கூடி,
வந்து சேருமுன் கலைந்துவிடும்.
நீளத்தை வளைவால் பிரித்துப் பாருங்க:
அவனுக்கு மூன்று. மட்டாக மூன்று.
அவளுக்கு மூன்றும் சொச்சமும்.

"அந்தச் சொச்சத்துக்கு எவ்வளவு முடியும்?"
என்று கேட்டார்.
பிறேம் எடுக்கிறதைப் பொறுத்தது என்றேன்.
ஆறு மாதத்தில் இரண்டு பேரையும் கூட்டி வாங்க,
சட்டை குட்டையாவது வீட்டில் தெரியும்,
கண் நீளுவது தெரியாது.
மகனுக்கும் கணக்கு மாறலாம்.
(என்னுடையது இருபத்தேழு. அதை யாரும் கேட்பதில்லை.)

சோதனைச் சட்டத்தை அவள் மூக்கில் ஏற்றி
மைனஸ் இரண்டே முக்காலைச் சொருகினேன்.
பாரம் தாங்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு
திரும்பினாள்.
அட்டையின் எழுத்துகளை வாசிக்கச் சொன்னேன்,
வாசிக்கவில்லை.
கதவடியில் நின்ற மனிதரையே பார்த்தாள்.

"வாப்பா, உங்கட தாடில வெள்ள ஈக்கி."

அவர் தாடியைத் தடவிக்கொண்டார்.
மருந்து விட்ட கண்ணைக் கசக்கியபடி
ஸஜீத் சொன்னான்:
"அது நான் எப்பயோ கண்ட."