எழுநூறு கிராம்

உரிமம் வர இரண்டே கால் வருடம்.
சிவகங்கை ஆபீசில் ஒருவர் கேட்டார்:
"உங்களுக்கு எதுக்கும்மா இதெல்லாம்?"
புதுவயலில் அரைவை மில்.
நெல்லுக்கு ரொக்கம்தான் பேசும்.
காரைக்குடி வங்கியிலிருந்து கண்டனூர் வழியாக
வாரம் மூன்று நாள், ஸ்கூட்டரில், நான் ஒருத்தி.
போன மாசியில் ரயில்வே கேட் பக்கம்
கணக்குப்பிள்ளை தைரியநாதனுக்குத் தோளில் வெட்டு,
பதினான்கு தையல்.
எல்லாம் எழுதிக் கொடுத்தேன்.
அவர் தற்காப்பு என்று
ஒரே சொல்லில் முடித்துக்கொண்டார்.

மதுரையில் துப்பாக்கிக் கடை,
ஜவுளிக் கடைக்கும் பம்ப்செட் கடைக்கும் நடுவில்.
காஜா நஜ்முதீன் பச்சை வெல்வெட் விரித்து
மூன்றை எடுத்து வைத்தார்,
முகூர்த்தப் புடவை காட்டுகிறவர் மாதிரி.

முதலாவது பிஸ்டல். தட்டை. இடுப்பில் தெரியாது.
"தோட்டா மாட்டிக்கிட்டா இழுத்து விடணும்,
ரெண்டு கையும் வேணும்."
என் ஒரு கையில் எப்போதும் பணம் இருக்கும்.

இரண்டாவது புது ரிவால்வர்.
விலை கேட்டேன்.
நான்கு மாதத் தவிட்டுக் காசு.

மூன்றாவது பழசு.
தேவகோட்டையில் இறந்துபோன ஒருவருடையது,
மகன்கள் சிங்கப்பூரில், யாருக்கும் வேண்டாம்.
பாதி விலை.
"ஒண்ணு வெடிக்காட்டி மறுபடி அழுத்துங்க,
அடுத்தது வந்து நிக்கும்.
சோத்துப் பானை மாதிரி, கெட்டுப்போக ஒண்ணுமில்ல.
விசை மட்டும் கல்லு. அதான் யாரும் எடுக்கல."
அழுத்திப் பார்த்தேன்.
முழங்கை வரை நடுங்கியது.

மூன்றுமே ஏறக்குறைய எழுநூறு கிராம் என்றார்.
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மாதிரி நெல் நிறுக்கும் தராசிலிருந்து
ஐநூறு ஒன்று, இருநூறு ஒன்று,
பழந்துண்டில் சுற்றிச் சுமக்கத் தொடங்கினேன்.
இடுப்பில் செருகினால் கொசுவம் இறங்கியது.
தோள்பையில் சாவிக்கொத்தோடு ஓயாத சண்டை.
கொப்புடையம்மன் தேர்க்கூட்டத்தில் இடித்த ஒருத்தி
"என்னக்கா, அம்மிக்குழவியா?" என்றாள்.
தையல்காரி முத்துமீனாளிடம்
பைக்குள் ஒரு பை தைக்கச் சொன்னேன்.
"செல்போனுக்கா?"
"ஆமா."
"இம்புட்டு ஆழமாவா?"

இருபத்து மூன்றாம் நாள்.
கேட் மூடியிருந்தது, ரயிலைக் காணோம்.
பின்னால் பைக், இரண்டு ஹெல்மெட்.
ஒருவன் இறங்கி என்னை நோக்கி வந்தான்.
கை பைக்குள் போனது,
என்னைக் கேட்காமல்.
துண்டு வழியே இரும்பின் குளிர்.
இல்லாத விசையை விரல் தேடிக்கொண்டிருக்கையில்
"அக்கா, சக்கரத்துல முந்தானை."
அவனே குனிந்து உருவி எடுத்தான், கிரீஸ் கறையோடு.
ஹெல்மெட்டைக் கழற்றினான்.
மீசை இன்னும் முடிவு செய்யவில்லை,
வருவதா வேண்டாமா என்று.
சரக்கு ரயில் வந்தது. முப்பத்தாறு பெட்டி.
எண்ணினேன்.
அதைத் தவிர வேறெதுவும் என்னால் ஆகவில்லை.

ஆனால் தைரியநாதனின் தோளும் பொய்யில்லை.
இப்போதும் அவருக்குச் சட்டை மாட்டிவிட
ஒரு ஆள் வேண்டும்.

இரவு காஜாவுக்கு போன் போட்டேன்.
"அந்த மூணாவது இருக்கா?"
"இருக்கும்மா. விசையை அராவி லேசாக்கித் தரவா?"
"வேண்டாம். கல்லாவே இருக்கட்டும்."

வாங்கிய பதினோராம் நாள் தேர்தல் தேதி அறிவித்தார்கள்.
ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும்.
ஏட்டையா நோட்டைத் திறந்தார்.
"சுட்டிருக்கீங்களா?"
"இல்லை."
"நல்லது" என்று துணியில் கட்டி அரக்கு வைத்தார்.
ரசீதை நான்காக மடித்தேன். எடையே இல்லை.

மறுநாள் நெல் லாரி. வங்கி.
முத்துமீனாள் தைத்த ஆழத்தில்
மறுபடி ஐநூறு, மறுபடி இருநூறு.
கண்டனூர் தாண்டும்போது மில்லிலிருந்து அழைப்பு,
எடைக்கல்லைக் காணோமாம்.
வண்டியை நிறுத்தாமல்
ஒலித்து ஓயட்டும் என்று விட்டேன்.