இரண்டு மணி நேர வானம்

வானத்தை வாங்க எட்டு மாதம் ஆயிற்று.
மொத்த வானம் இல்லை,
ஹொசகோட்டே தாண்டி
வற்றிக் கிடக்கும் ஓர் ஏரிக்கு மேல்
பத்தாயிரம் அடி உயரத்துக்கு,
ஞாயிறு காலை ஏழிலிருந்து ஒன்பது வரை.

அனுமதிக் கடிதத்தில் முத்திரை கொஞ்சம் கோணல்.
மூன்று பிரதி எடுத்து
ஒன்றைக் காவல் நிலையத்தில் கொடுத்தேன்.
"தீபாவளி ராக்கெட்டா மேடம்?" என்றார் எழுத்தர்.
"கொஞ்சம் பெரிசு."
"எவ்வளவு பெரிசு?"
நான் ஸ்டேஷன் கூரையைப் பார்த்தேன்.
அவரும் பார்த்தார்.
அப்புறம் இன்னொரு படிவம் தந்தார்.

பீன்யாவில் இருதயராஜின் லேத் பட்டறையில்
சனிக்கிழமைகள் கரைந்தன.
ஃபைபர் தூசு கழுத்து மடிப்பில் அரித்தது.
வால்சிறகுகளில் எப்பாக்சி காயும்வரை
ஒருவரும் உரக்கத் தும்மவில்லை.
பாராசூட் தைத்தவள் சிவாஜிநகர் ஷப்னம்,
கல்யாண ரவிக்கைகளுக்கு இடையில், அதே மெஷினில்.
"இது கிழிஞ்சா என்ன ஆகும்?"
சொன்னேன்.
எல்லாத் தையலையும் பிரித்து இரட்டையாகப் போட்டாள்.
கூடுதல் காசு வாங்கவில்லை.

ராக்கெட் செய்வது என் வேலை இல்லை.
வேண்டாம் என்று சொல்வது என் வேலை.
அதற்கென்று ஒரு மஞ்சள் மேலங்கி கொடுத்திருக்கிறார்கள்.
நாற்பத்தோரு ராக்கெட், நாற்பத்தோரு அட்டை.
ஒவ்வொன்றையும் விரலில் நிறுத்தி
எடை எங்கே குந்தியிருக்கிறது என்று தேடி
வால்சிறகைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பேன்.
ஆடினால் அட்டையில் குறுக்கே ஒரு கோடு.
மைசூரிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த பையன்
அழவில்லை.
அட்டையை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.
நான் அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.

முந்தைய இரவு தூக்கத்துக்குப் பதில் பட்டியல் வந்தது.
தீயணைப்பு வண்டிக்கு டீசல் நம் செலவு.
தண்ணீர் கேன் நாற்பது.
பெண்கள் கழிப்பறை மூன்று என்று எழுதியிருந்தேன்,
எவனோ இரண்டாக்கியிருந்தான்,
நான்காக்கினேன்.
முந்நூறு அடி மின்கம்பி. பேட்டரி. அது செத்தால் இன்னொன்று.
காற்று.
காற்றுக்கு நேரே
எழுத ஒன்றும் கிடைக்கவில்லை.

விடிந்தபோது ஏரியில் பனி மட்டும் நிறைந்திருந்தது.
ஏழிலிருந்து முப்பத்தெட்டு பறந்தன, முப்பத்தாறு கிடைத்தன,
ஒன்று வேலமுள்ளில் தொங்குவது தெரிந்தது.
கடைசியாக இருதயராஜுடையது, நாலு மீட்டர்.
ஆறு பேர் தோளில் சுமந்து வந்தபோது
எதைப் போல இருந்தது என்று
யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.
நிமிர்த்தினார்கள்.
நிமிர்ந்த பிறகு அது வேறு.

எட்டு ஐம்பத்திரண்டு. மைக்கில் எண்ணத் தொடங்கினேன்.
ஐந்து சொல்லும்போது
வடகரையில் வெள்ளையாக ஏதோ அசைந்தது.
நான்கு சொல்ல வாயெடுத்தேன்,
"நிறுத்து" என்று வந்தது.

ஆடுகள்.
பின்னால் தோளில் கழியும்
இடுப்பில் பாடும் போனுமாக ஹனுமக்கா.
எட்டு மாதப் படிவம் எதிலும் அவள் இல்லை.
ஓடிப்போய்க் கன்னடத்தில் கெஞ்சினோம்.
"எனக்குப் புரிஞ்சுது," என்றாள்,
"அதுங்ககிட்ட நீங்களே சொல்லுங்க."

கடைசி வால் கரையேறியபோது எட்டு ஐம்பத்தெட்டு.
எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
இருதயராஜ் மட்டும் காற்றுப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
ஏற அரை நிமிஷம் போதும்.
பாராசூட்டில் இறங்க ஆறு நிமிஷம்.
அதில் நாலரை நிமிஷம்
வேறு யாருடைய வானமோ.

வேண்டாம் என்றேன்.
மைக்கில் அது இரண்டு முறை கேட்டது.

தீமூட்டியைக் கழற்றி, சாய்த்து,
மறுபடி ஆறு பேர் தோளில்.
இருதயராஜ் என்னோடு பேசாமல்
எனக்கும் ஒரு டீ கொண்டுவந்து வைத்தான்.
"அது போகாதா?" என்றாள் ஹனுமக்கா.
"அடுத்த தடவை."
"கிழமை சொல்லுங்க, தெக்கால மேய்ச்சுக்கறேன்."

புதிய விண்ணப்பத்தில்
அச்சிட்ட கட்டங்களுக்கு வெளியே, ஓரத்தில்,
கையால் ஒரு வரி சேர்த்தேன்:
ஆடுகள் பதினேழு.
இரண்டு சினை. எண்ணிக்கை மாறலாம்.