புகார் எண் 4471-க்குப் பதில்

மதிப்பிற்குரிய திரு. தன்வானி,
உங்கள் ஒற்றை நட்சத்திரம் வந்து சேர்ந்தது.
செம்பூரில், பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில்
எங்கள் பயண நிறுவனம்.
கீழே யாருக்கோ கடைவாய்ப்பல் பிடுங்க,
நான் உங்கள் கடிதத்தை மூன்றாம் முறை படித்தேன்.

படகு பூநாரைகளின் பக்கத்தில் போகவில்லை.
பூநாரைகள் பறக்கவில்லை.
படகுக்காரன் எஞ்சினை அணைத்துவிட்டுச் சும்மா இருந்தான்.

மூன்றும் உண்மை.
இருந்தான் என்பதை மட்டும்
இருந்தார் என்று திருத்திப் பதிவேட்டில் ஏற்றினேன்.

பெயர் ஹரேஷ் வைத்தி.
கூலிப் பட்டியலில் முதன்முதலாகப் பார்த்தபோது
மாட்டுங்காவில் மெஸ் நடத்தும்
எங்கள் வைத்தி மாமா படகு வாங்கிவிட்டாரோ என்று
தனியாகச் சிரித்தேன்.
இவர் கோலி. பாண்டுப் பக்கம் வீடு.
தாணே கழியில் நண்டு பிடித்தவர்.
ஆலைத் தண்ணீர் வந்தது, நண்டு போனது,
காலி வலையில் நாம் வந்து விழுந்தோம்:
நீங்கள், நான், தொலைநோக்கி, பிஸ்கட் பொட்டலம்.

உங்கள் எண்ணூறு ரூபாயை
அவர் கூலியில் பிடிக்கச் சொன்னார் ரொமிலா மேடம்.
சொன்னது இந்தியில்.
என் தலைக்குள் அது தமிழில் விழுந்தது:
கழி.
விசையில் விரல் வைத்தவள்
அந்தச் சொல்லிலேயே சேறாகி நின்றுவிட்டேன்.

சனிக்கிழமை நானே போனேன்.
நீர் வடியத் தொடங்கிய நேரம்.
அலையாத்தி வேர்களில் பால் பாக்கெட்டுகள்,
யாரோ கரைத்த பிள்ளையாரின் ஒரு காது,
அதற்கப்பால், உயர்மின் கோபுரங்களின் கீழே
ரோஜா நிறத்தில் ஒரு கரை.
கரை அசைந்தது.
கரை குனிந்து தின்றுகொண்டிருந்தது.

எஞ்சினை அணைத்தார் வைத்தி.
இன்னும் கொஞ்சம், என்றேன்,
உங்களைப் போலவேதான்.
அவர் திரும்பாமல் சொன்னார்:
பறந்தா உங்க போட்டோவுக்கு அழகு,
அதுங்களுக்குச் செலவு.
கட்ச் வரைக்கும் போக
இந்தச் சேத்துலதான் சேர்த்து வைக்குதுங்க.

திங்கட்கிழமை எங்கள் வலைத்தளத்தைத் திறந்தேன்.
'உள்ளூர் மக்களோடு கைகோத்து' என்ற வரிக்கு மேல்
வைத்தி சிரிக்கிறார்.
அது எங்களுக்கான சிரிப்பு அல்ல.
அன்று அவர் தூண்டிலில் கொடுவா மாட்டியிருந்தது.
மழை நான்கு மாதம் பறவை இல்லை,
எங்கள் கையும் இல்லை.
அதை அங்கே யாரும் எழுதவில்லை.

எழுதினேன்.
பறவை வராத நாளுக்கும் முழுக் கூலி.
எந்தத் தூரத்தில் நிற்பது என்பதைப் படகுக்காரரே முடிவு செய்வார்.
மழை மாதங்களில்
அலையாத்திக்குள் பிளாஸ்டிக் பொறுக்கும் வேலைக்குப்
பாதிச் சம்பளம், அவர் அண்ணி மந்தாகினிக்கும் சேர்த்து.
'கட்டாயம் காணலாம்' என்ற விளம்பரத்தில்
கட்டாயத்தை அடித்தேன்.

மேடம் பாதியைக் காலாக்கினார்.
மந்தாகினிக்கு அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்.
மற்றதில் கையெழுத்துப் போட்டார்,
பேனாவைத் தேடுவதுபோல் கொஞ்சம் நேரம் கடத்தி.
நான் நன்றி சொன்னேன். ஏன் சொன்னேன் என்று
மின்ரயிலில் குர்லா வரை யோசித்தேன்.

ஆகவே, ஐயா,
பணம் திரும்ப வராது.
அது டீசலாகவும் நிற்கும் நேரமாகவும் மாறிவிட்டது.
நீங்கள் போனீர்கள்,
ஆயிரம் பறவைகளில் ஒன்றுகூடத் தலை தூக்கவில்லை.
நாங்கள் விற்றது அதைத்தான்.
முன்பே சொல்லாதது எங்கள் தவறு,
அதற்கு மட்டும் வருந்துகிறோம்.

இப்படிக்கு,
செண்பகவல்லி,
வாடிக்கையாளர் பிரிவு.

பின்குறிப்பு:
உங்கள் மதிப்பீட்டை வைத்தியிடம் காட்டினேன்.
அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது.
திரையைக் கண்ணருகே பிடித்து,
நான்கு வெறும் கட்டங்களுக்கு முன்னால்
மஞ்சளாய் எரிந்த அந்த ஒன்றைப் பார்த்துக் கேட்டார்:
விடிவெள்ளியா?