ஏணி, மூன்றெழுத்து

செவ்வாய், வியாழன், சனி.
ஹல் நகரத்து ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி.
ஐந்தாம் நாற்காலியில் ஹெஸ்டர் பில்மோர்,
ஆறில் நெவில் கார்த்.
இருவர் ரத்தமும் குழாய் வழியே வெளியே போய்
சலித்துக் கழுவித் திரும்ப
நான்கு மணி நேரம்.
நர்ஸ் பிலிப்பா குறுக்கெழுத்தை ஜெராக்ஸ் எடுத்து
ஆளுக்கொன்று கொடுப்பாள்.
ஊசி ஏறிய கையை அசைக்கக் கூடாது.

பதினேழு, மேலிருந்து கீழ்:
'ஏணி.' மூன்றெழுத்து.

துறைமுகத்தில் வேலை பார்த்தவர் நெவில்,
ஏணி தெரியாதா?
'ரங்' என்ற படியில் வாலை நறுக்கிப் பார்த்தார்.
கட்டத்தில் சரியாக உட்கார்ந்தது.
ஏன் சரி என்றுதான் புரியவில்லை.

"ரன்," என்றாள் ஹெஸ்டர்,
இருபத்திரண்டு வருஷம் காலுறை விற்றவள்.
ஒரு நூல் அறுந்தால்
முழங்காலிலிருந்து குதிகால் வரை
விறுவிறுவென இறங்குமே, அந்தக் கோடு.
"நாம் ஏணி என்போம், அமெரிக்காக்காரி ரன் என்பாள்.
நகப்பூச்சு ஒரு சொட்டு வைத்தால் நின்றுவிடும்."

மூன்றெழுத்து வீட்டில்தான் எத்தனை குடித்தனம்!
மட்டையால் எடுப்பது,
துவைத்த சட்டையில் சாயம் கசிவது,
கோழிக்குக் கம்பிவலை அடித்த முற்றம்.
வங்கி முழுகப் போகிறதென்று
ஊரே விடிகாலையில் வரிசையில் நிற்பது:
பெயர் ஓட்டம், ஆனால் நிற்கிறார்கள்.
அமெரிக்கத் தேர்தலில் ஓடுகிறார்கள்,
நாம் நிற்கிறோம்.

சிரிக்க எனக்கு வாயில்லை.
நம் ஓடு கூரைமேல் கிடக்கிறது,
நத்தையின் முதுகில், முட்டையைச் சுற்றி,
பிச்சை கேட்கும் கையில்.
கூடவே இருக்கிற 'உன்னோடு'வின் வாலிலும் அது,
விட்டுப் போகிறவன் காலிலும் அது.

சனிக்கிழமை ஆறாம் நாற்காலியில் ஆளில்லை.
பிலிப்பா மூன்று முறை போன் செய்தாள்.
ஹெஸ்டர் எதுவும் கேட்கவில்லை.
பென்சிலின் முனை மட்டும்
தும்பு தும்பாகியிருந்தது.

செவ்வாயன்று வந்தார்.
கணுக்கால் இரண்டும் பன்போல உப்பி,
மூச்சு இரைக்க.
பஸ் பிடித்து விதர்ன்சீ போனாராம்,
கடல் பார்த்தாராம்,
உப்புத் தூவிய சிப்ஸ், பெரிய பொட்டலம்.
டாக்டர் திட்டியதற்கெல்லாம் தலையாட்டினார்.
மெஷின் ஓடத் தொடங்கியது.

ஒரு மணி நேரம் முகம் கொடுக்கவில்லை அவள்.
பிறகு, கூரை விளக்கைப் பார்த்தபடி:
"தப்பியோடியவன். ஆறெழுத்து."

"ரன்னர். மாரத்தான் ஓடுபவனும் அதுதானே."

"பந்தலில் ஏறும் அவரைக்கும் அதே பேர்.
ரொம்பப் பெருமைப்படாதே."

ஒரு கையால் கைப்பையைத் துழாவி
நிறமில்லாத நகப்பூச்சு ஒரு சின்ன புட்டி எடுத்தாள்.
நர்ஸைக் கூப்பிட்டு,
நெவிலின் ஷூ நுனியில்
ஒரு சொட்டு வைக்கச் சொன்னாள்.

பிலிப்பா, ஏனென்று கேட்காமல்,
இரண்டு ஷூவிலும் வைத்தாள்.